முப்பது கிலோ அண்ணன் கவுதாரி வேட்டைக்குப் போனது

சவுதியில் யான்புவில் இருந்து திருச்சிக்கும் மதுரைக்கும் போன அட்டைப் பெட்டிகளில் பாதி, முப்பது கிலோ அண்ணன் கையால் கயிறு கட்டியவை. மீதிப் பாதி வழியிலேயே கிழிந்து போனவை.

இது எங்கள் கேம்ப்பில் எல்லாரும் சொல்வது. நான் எட்டாவது வரை படித்தவன், கணக்கு சரியா தப்பா என்று தெரியாது. ஆனால் லீவுக்குப் போகும் எவனும் அண்ணனைப் பார்க்காமல் ஏர்போர்ட் போனதில்லை. கம்பெனி ஸ்டோரில் அவருக்கு வேலை. நட்டு, போல்ட்டு, கயிறு, டேப்பு எல்லாம் அவர் கையில். எங்களைப் போல சாரம் கட்டுகிறவர்கள் காலையில் போய் அவரிடம் பெல்ட் வாங்கிக்கொண்டு சைட்டுக்குப் போவோம். மாலையில் அதே ஆள் ரூமில் குத்தவைத்து உட்கார்ந்து யாருடைய பெட்டியையாவது கட்டிக்கொண்டிருப்பார்.

பிளேனில் ஆளுக்கு முப்பது கிலோதான் விடுவார்கள். அண்ணன் பெட்டியை ஒரு கையால் தூக்கி ஒரு கண்ணை மூடிக்கொள்வார். "இருபத்தொம்பதே முக்கா. ஒரு சோப்பு போடலாம்" என்பார். ஏர்போர்ட்டு மெஷினும் அதையே சொல்லும். ஒருமுறை மெஷின் முப்பத்தொன்று காட்டிவிட்டது. போனவன் அங்கிருந்தே போன் அடித்துக் கத்தினான். அண்ணன் பதறவே இல்லை. "பக்கத்து கவுண்டர்ல வைடா. அந்த மெஷின் சரியில்ல" என்றார். பக்கத்து கவுண்டரில் வைத்தால் முப்பது. அன்றிலிருந்து அவருக்கு அந்தப் பெயர்.

முப்பது கிலோவுக்கு மேலே போகிற சாமானுக்கு அண்ணன் ஒரு வழி வைத்திருந்தார். ஆளை வைத்துக் கட்டுவது. பெட்டியில் இடமில்லாத துணியை எல்லாம் ஆள் மேல் போட்டுவிடுவார். சட்டை மேல் சட்டை, அதன் மேல் ஸ்வெட்டர், அதன் மேல் ஜாக்கெட். ஜாக்கெட்டின் பைகளில் பால்பவுடர், தைல பாட்டில், பேரீச்சம்பழம். எங்கள் ரூமில் குச்சி மாதிரி ஒரு பையன் இருந்தான். அவனைக் கட்டி அனுப்பியபோது, பாஸ்போர்ட் பார்க்கிற ஆபீசர் போட்டோவையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதில் இருப்பவர் எங்கே?" என்று கேட்டாராம். செக்கிங்கில் ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னார்கள். அவன் கழற்றக் கழற்ற, பின்னால் வரிசையில் நின்றவர்கள் சத்தமாக எண்ண ஆரம்பித்தார்களாம். கடைசிச் சட்டைக்குக் கைதட்டல்.

இதிலும் அண்ணனுக்குச் சட்டதிட்டம் உண்டு. வெளியே போடுவது ஜிப் வைத்ததாக இருக்க வேண்டும், பட்டன் ஆகாது, கழற்ற நேரமாகும். நடுவில் போடுவது கம்பளியோ அந்த மாதிரி புசுபுசு துணியோ. உள்ளே, உடம்போடு ஒட்டுவது மட்டும் கால்பந்து ஜெர்சி. பனியன் கூடவே கூடாது.

பனியன் விஷயத்தில் அவர் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. முன்னொரு தடவை ஒருத்தரைப் பனியன் மேல் சட்டைகளாக அடுக்கி அனுப்பினார். வரிசையில் நின்று பனியன் வேர்வையில் ஊறிவிட்டது. பிளேனில் ஏசி. ஊறிய பனியன் உடம்பிலேயே ஜில்லிட்டு, மனுசன் திருச்சியில் காய்ச்சலோடு இறங்கினார். கல்யாண மாப்பிள்ளை. தாலி கட்டும்போது பல் கிட்டியதாம்.

"பனியன் தண்ணியக் குடிச்சா விடாதுடா. ஜெர்சி துப்பிரும்" என்பார் அண்ணன்.

இதைச் சொல்லும்போதெல்லாம் மேல் கட்டிலில் இருந்து ஒரு தலை எட்டிப் பார்க்கும். எங்கள் மெஸ்ஸில் சமைக்கிற திருப்பூர்க்காரர்.

"ஏனுங்க, எங்கூர் பனியன் உலகம் பூராம் போகுதுங்க. அங்கயெல்லாம் காய்ச்சலா வந்துட்டுருக்கு?"

"உலகம் பூராம் போகட்டுமய்யா. என் பெட்டிக்குள்ள வரக்கூடாது."

"நாளைக்கு ரசத்துல உப்பு இருக்காதுங்க, பார்த்துக்குங்க."

இருக்காது. எனக்கும் சேர்த்து இருக்காது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் என் அப்பாவுக்கு நெஞ்சில் அடைப்பு என்று போன் வந்தது. தஞ்சாவூரில் காட்டியிருக்கிறார்கள். உடனே ஆபரேசன் பண்ண வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். "எம்மவன் மொகத்தப் பாக்காம என் நெஞ்சத் தொறக்க எவனையும் விடமாட்டேன்" என்று வார்டே கேட்கக் கத்தினாராம். அம்மா போனில் அழுதது. டாக்டர் நாளைக் கடத்தாதீர்கள் என்கிறார், அப்பா மகன் வரட்டும் என்கிறார். நான் வந்தால்தான் அவர் பிழைப்பார்.

நான் கேம்ப் பாஸிடம் போய் நின்றேன். ரிஃபைனரியில் அப்போது ஷட்டவுன் வேலை. பிளான்ட்டை நிறுத்திவிட்டுப் பழுது பார்க்கிற காலம். அந்த நேரம் யாருக்கும் லீவு கிடையாது.

"லீவ் மாஃபி. ஷட்டவுன் கலாஸ், பாத் மே ஜாவ்" என்றார். லீவு கிடையாது, ஷட்டவுன் முடிந்த பிறகு போ என்று. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவர் கையில் ஒன்றுமில்லை. முதலாளியின் மகன் மனசு வைத்தால் மட்டும் நடக்கும். முதீர் என்றால் அரபியில் மேனேஜர், அவரைச் சின்ன முதீர் என்போம். அவரோ கேம்ப் பக்கம் வருவதே இல்லை.

ரூமுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தேன். அண்ணன் யாருடைய பெட்டிக்கோ டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டார். பல்லால் டேப்பைக் கடித்து அறுத்துவிட்டு, "சோறு தின்னுட்டுப் படு" என்றார். அவ்வளவுதான்.

அந்த வாரமே சின்ன முதீர் கேம்ப்புக்கு வந்தார். அவருக்கு வேட்டைப் பைத்தியம். ஒவ்வொரு வருசமும் வெயில் இறங்க ஆரம்பித்ததும், அனுமதி வாங்கிக்கொண்டு, தபூக் பக்கத்து மலைக்குக் கவுதாரி அடிக்கப் போவார். அந்த வருசம் புது ஆசை. காரில் சுற்றிச் சுடுவதெல்லாம் வேட்டையே இல்லை, பையை முதுகில் மாட்டி நடந்து ஏறி, மலையிலேயே தங்கி அடிக்க வேண்டும் என்று ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறார். போன வருசம் அவருடைய சிநேகிதரின் பை ஒன்று வாய் பிளந்து, உள்ளே இருந்ததெல்லாம் சரிவில் உருண்டு போய்விட்டதாம். அதனால் நன்றாகப் பை கட்டுகிற ஆள் வேண்டும் என்றார். கேம்ப் மொத்தமும் ஒரே திசையில் கை நீட்டியது.

அண்ணன் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "தூக்க ஒரு ஆளு, சமைக்க ஒரு ஆளு, என் ஆளுகதான் வரணும்" என்றார். சின்ன முதீர் சரி என்றார். தூக்குகிற ஆள் நான். சமைக்கிற ஆள் திருப்பூர்க்காரர்.

"எனக்கெதுக்குண்ணே வேட்டை? எங்கப்பா அங்க கெடக்காரு" என்றேன்.

"அதுக்குத்தான்டா. மலையில மொதப் பறவ விழட்டும். மனுசனுக்குச் சந்தோசம் வந்ததும் அந்த இடத்துலயே கேட்டுப்புடுறேன். ஆபீசுல கேட்டா பேப்பர் கேப்பான். மலையில கேட்டா மனசு கேக்கும்."

மலையில் குளிரும் என்றார்கள். யான்புவில் அக்டோபர் மாசம் பஸ் சீட்டில் கை வைத்தால் சுடும். பஜாரில் கீழக்கரை பாய் ஒருத்தர் துணிக்கடை வைத்திருந்தார். அண்ணன் அங்கே போய், "பாய், கம்பளி எடுங்க" என்றார்.

பாய் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "காச்சலாண்ணே?"

"வேட்டை."

"யாரை?"

குடோனில் இருந்து போன குளிர்காலத்து மூட்டையை இறக்கினார்கள். அன்று பார்த்துக் கடை ஏசி ஓடவில்லை. அண்ணன் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். போட்டதைக் கழற்றாமல் அடுத்ததைப் போட்டார். "ஒண்ணுமேல ஒண்ணு எப்பிடி உக்காருதுன்னு பாக்கணும்டா. தனித்தனியாப் போட்டுப் பாத்தா என்ன தெரியும்?" முகம் மிளகாய்ப்பழம் மாதிரி ஆகிவிட்டது. பாய் ஒரு பாட்டில் தண்ணீரைத் திறந்து அவர் கையில் கொடுத்து, "அண்ணே, வாங்காட்டியும் பரவால்ல, கழட்டிருங்க" என்று கெஞ்சினார். வேடிக்கை பார்க்கக் கடை வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

உள்ளே சிவப்பு ஜெர்சி, அதன்மேல் நீல ஜெர்சி. மேலே முழுக்கைச் சட்டை. அதன்மேல் கட்டம் போட்ட தடிச் சட்டை. அதன்மேல், அவர் ஊர்த் திருவிழாக் கமிட்டி கொடுத்த மஞ்சள் கம்பளிச் சட்டை. புதுக்கோட்டை வெயிலில் எந்தப் புண்ணியவான் கம்பளியில் சட்டை அடித்தானோ, நெஞ்சில் "வருக வருக" என்று எழுதியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஸ்டோரில் இருந்து எடுத்த பிளாஸ்டிக் மழைக்கோட்டு. இதுதான் அண்ணனின் வேட்டை உடுப்பு.

"இதையெல்லாம் பையில வச்சுக்கலாம்ல?"

"பையில வச்சா எடை. மேல போட்டா ஆளு."

அடுத்து முதீரின் பைகள் வந்தன. அவருக்கு ஒன்று, சிநேகிதருக்கு ஒன்று. இடுப்புக்கு ஒரு வார், நெஞ்சுக்கு ஒரு வார், எங்கு தொட்டாலும் ஜிப் என்று விலையான பைகள். அண்ணன் இரண்டையும் கவிழ்த்துக் கொட்டினார். கனமானது அடியில். முதீரின் விலையான ஜாக்கெட் மெத்தென்று இருந்ததால், கண்ணாடிச் சாமான் உடையாமல் இருக்க அதற்கும் அடியில். தூரத்தில் பார்க்கிற பைனாகுலரை அரிசிக்குள் புதைத்தார். கத்தி, பிளேடு, கத்தரி எல்லாவற்றையும் ஒரு துணியில் சுற்றி நட்டநடுவில் வைத்தார். லைட்டரையும் தீப்பெட்டியையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். பிறகு டேப். பிறகு ஸ்டோரில் இருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் ஃபிலிம் சுருளை எடுத்து, ஏர்போர்ட்டில் சுற்றுவார்களே, அதே மாதிரி தலையில் இருந்து கால்வரை சுற்றினார். நைலான் கயிறு. கடைசியில் மார்க்கர் பேனா. நாலு பக்கமும் தமிழில் கொட்டை எழுத்தில்: "சின்ன முதீர், யான்பு."

முதீர் வந்து பார்த்தார். பையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஏஷ் ஹாதா?" இது என்ன என்று கேட்டார்.

"பேக்கிங், சார். கியாரன்ட்டி."

"தோளில் எங்கே மாட்டுவது?" என்று சைகையில் காட்டினார். அப்போதுதான் தெரிந்தது, தோள் வார் ஃபிலிமுக்குள் போய்விட்டது. அண்ணன் அந்த இடத்தை மட்டும் கத்தியால் கீறி வாரை வெளியே இழுத்தார். பிறகு அந்தக் கத்தியையும் பத்திரமாகப் பைக்குள் சொருகி, அதன்மேல் இன்னும் நாலு சுற்றுச் சுற்றினார். மலையில் தூசி இருக்கும், அதற்காகத்தான் இப்படி என்று முதீர் நினைத்துக்கொண்டார் போல. பைகளைக் காரில் ஏற்றச் சொன்னார்.

தபூக் போய், காரை அடிவாரத்தில் நிறுத்தி, விடிந்ததும் ஏற ஆரம்பித்தோம். உண்மையாகவே காற்று சில்லென்று இருந்தது. எனக்கு அப்பா ஞாபகம். எப்போது முதல் பறவை விழும், அண்ணன் எப்போது கேட்பார் என்றே நடந்தேன்.

பறவை விழவில்லை. காரணம் அண்ணன். பிளாஸ்டிக் மழைக்கோட்டு அவர் நடக்க நடக்க சர்ர் சர்ர் என்று சத்தம் போட்டது. சோள மூட்டையை யாரோ இழுத்துப்போவது மாதிரி. எங்களுக்கு முன்னால் புதரில் இருந்து கவுதாரிகள் குபீர் குபீர் என்று கிளம்பிப் பறந்தன. முதீர் துப்பாக்கியை உயர்த்துவதற்குள் மலையைத் தாண்டிவிட்டன. அவர் திரும்பி உதட்டில் விரல் வைத்தார். அண்ணன் பயபக்தியோடு தலையாட்டினார். தலையாட்டியதிலும் சர்ர்.

"கழட்டிருங்கண்ணே" என்று கெஞ்சினேன்.

"அது கழண்டா காத்து உள்ள வந்துரும்டா."

"உங்களுக்குக் காத்து வந்தா என்ன? எனக்கு லீவு வராது."

அதைக் கேட்டதும் நின்றார். மழைக்கோட்டைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஆனால் அதற்குள் அந்தப் பக்கத்தில் இருந்த கவுதாரிக்கெல்லாம் தகவல் போய்விட்டது.

உச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, டீ போடலாம் என்றார் முதீர். திருப்பூர்க்காரர் தான் தனியாகத் தூக்கி வந்த அடுப்பை வைத்தார், பாத்திரத்தை வைத்தார், தண்ணீரை ஊற்றினார். பிறகு கையை நீட்டினார்.

"லைட்டருங்க?"

"அது கீழ கார்ல இருக்கு" என்றார் அண்ணன்.

"ஏனுங்க கார்ல?"

"லைட்டர வுடமாட்டான்ல. பிடுங்கிருவான்."

"யாருங்க பிடுங்குவாங்க? இங்க ஆடு மேய்க்கறவன்கூட இல்லீங்களே!"

சிநேகிதர் வாயில் சிகரெட்டோடு காத்திருந்தார். அவருடைய லைட்டரையும் காலையில் அண்ணன்தான் வாங்கி வைத்திருந்தார். முதீர் எழுந்து நின்றார். "யா ரஃபீக், யே தய்யாரா ஹை?" என்று கத்தினார். இது என்ன விமானமா என்று. "பஹாட் ஹை! பஹாட்!" மலை, மலை என்று தரையை உதைத்துக் காட்டினார்.

என் லீவு அந்த இடத்தில் செத்துப்போய்விட்டது என்றே நினைத்தேன்.

மதியத்துக்கு மேல் வானம் திடீரென்று கறுத்தது. காற்று திரும்பியது. அப்படி ஒரு மழையை நான் அந்த நாட்டில் பார்த்ததில்லை. ஒரு பாறையின் அடியில் ஐந்து பேரும் ஒண்டினோம். அதற்குள் எல்லாரும் நனைந்துவிட்டோம். மழைக்கோட்டை விரித்துத் தலைக்குமேல் பிடித்திருந்த அண்ணன் மட்டும் முழங்காலுக்குக் கீழேதான் நனைந்திருந்தார். காற்று ஊசி மாதிரி. முதீருக்கு உதடு வெளுத்துவிட்டது.

"ஜாக்கெட்" என்றார்.

ஜாக்கெட் பையின் அடியில். பை ஃபிலிமின் அடியில். ஃபிலிமை அறுக்கக் கத்தி பைக்குள்ளே.

முதீர் பையைப் பார்த்தார். பிறகு குனிந்து பல்லால் கடித்தார். கோடிக்கணக்கில் சொத்து உள்ள மனுசர், "சின்ன முதீர், யான்பு" என்று எழுதியிருந்த இடத்தில் நாய் மாதிரி கடித்து இழுத்துக்கொண்டிருந்தார். சிநேகிதர் கூர்க்கல்லை எடுத்துத் தேய்த்தார். அண்ணன் கட்டியது. அவ்வளவு லேசில் வராது.

அண்ணன் அந்தக் காட்சியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய முகம் அப்படி விழுந்து நான் பார்த்ததில்லை. மெதுவாக என் பக்கம் சாய்ந்து சொன்னார்.

"பெட்டின்னா ஊர்ல போயித்தான் தொறப்பாகன்னு நெனச்சுட்டேன்டா."

பிறகு எழுந்தார். மஞ்சள் கம்பளிச் சட்டையைக் கழற்றினார். முதீர் நனைந்ததைக் கழற்றும்வரை காத்திருந்து, தலைவழியாக அவரே மாட்டிவிட்டார். கட்டம் போட்ட தடிச் சட்டை சிநேகிதருக்கு. முழுக்கைச் சட்டை எனக்கு. அது அண்ணன் உடம்புச் சூட்டோடு இருந்தது. அந்தச் சூடு இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

திருப்பூர்க்காரர் மட்டும் தள்ளி உட்கார்ந்து வெடவெடவென்று நடுங்கினார். அண்ணன் கிட்டே போய் அவருடைய சட்டைக் காலரை விலக்கிப் பார்த்தார். உள்ளே வெள்ளையாகப் பனியன்.

"போட்டுட்டு வந்துட்டீரா?"

"ஏற்றுமதி ரகமுங்க" என்றார் திருப்பூர்க்காரர், பல் தந்தி அடிக்க.

"கழட்டுய்யா."

"மாட்டனுங்க. மானம் போயிருமுங்க."

"மானம் அப்புறம் காயட்டும், மொதல்ல நீரு காயும்."

அண்ணன் நீல ஜெர்சியைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டார். பனியனைப் பிழிந்தபோது ஒரு டம்ளர் தண்ணீர் வந்தது. அதை ஒரு முள்மரத்தில் கட்டினோம். காற்றில் அது கொடி மாதிரி பறந்தது.

கடைசியில் அண்ணன் மேல் சிவப்பு ஜெர்சி ஒன்றுதான். அதற்குமேல் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சர்ர் என்றது. முதீர் முதலில் அந்தச் சத்தத்துக்குத்தான் சிரித்தார். பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, இது என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். வெல்கம், வெல்கம் என்றேன். "மீன் வெல்கம்?" யாருக்கு வெல்கம் என்றார். சாமிக்கு என்றார் அண்ணன். பாறையடியில் ஐந்து பேரும் சிரித்தோம். பல் கிட்டிக்கொண்டே சிரித்தோம்.

ஒருவழியாகப் பை திறந்தது. உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை. அரிசி, பேரீச்சம்பழம், துணி எல்லாம் கட்டும்போது இருந்தபடியே இருந்தது. முதீர் காய்ந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஜாக்கெட் கிடைத்தும் மஞ்சள் சட்டையைக் கழற்றவில்லை. அதன்மேலேயே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டார். பிறகு அண்ணனைப் பார்த்து, "தும்கோ க்யா மாங்தா?" உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.

அண்ணன் ஊருக்குப் போய் வருசக்கணக்கு ஆகியிருந்தது. அவருக்கும் லீவு நிலுவையில் இருந்தது எனக்குத் தெரியும். அவர் என்னைக் கைகாட்டினார். தெரிந்த இந்தியில், "இஸ்கா பாப்பா. தில் ஆபரேசன். பேட்டா நஹி, ஆபரேசன் நஹி. லீவ் தேவ்" என்றார். மகன் போகாமல் நெஞ்சு ஆபரேசன் நடக்காது, லீவு கொடுங்கள் என்று.

முதீர் என்னைப் பார்த்தார். "அபூக்?" உன் அப்பாவா என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.

மழை விட்டதும் அவர் எழுந்து மேட்டில் ஏறினார். சிக்னலுக்காகப் போனைத் தலைக்குமேல் தூக்கி, "வருக வருக" தெரிய இப்படியும் அப்படியும் நடந்தார். சிக்னல் கிடைத்ததும் அரபியில் நாலு வார்த்தை. இறங்கி வந்து, "கலாஸ்" என்றார். வேலை முடிந்தது, நீ ஊருக்குப் போகலாம் என்று.

"ஒங்களுக்குண்ணே?" என்று நான் மெதுவாகக் கேட்டேன்.

"எனக்கு அப்புறம்டா. மொதல்ல யாருக்கு வேணுமோ அவனுக்கு."

மறுநாள் வெயில் அடித்தது. கவுதாரிகளே பாவம் பார்த்து வந்தன போல. ரெண்டு விழுந்தன. முதீருக்கு அதுவே போதும்.

நான் ஊருக்குக் கிளம்பினேன். பெட்டி கட்டும்போது அண்ணன் என்னிடம் கேட்டார், அதுவரை யாரிடமும் கேட்காத கேள்வி. "தொறந்ததும் மொதல்ல எதுடா வேணும்?" அப்பாவுக்கு வாங்கிய சட்டை என்றேன். அதை மேலே வைத்தார். அதற்குப் பிறகு கட்டிய எல்லாப் பெட்டிக்கும் அவர் இதைக் கேட்டுவிட்டுத்தான் கட்டினார்.

அப்பா என் முகத்தைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார், பிழைத்தார். இப்போதும் நன்றாக இருக்கிறார். சோற்றில் உப்பு இல்லை என்று அம்மாவிடம் சண்டை போடுகிறார்.

அண்ணன்தான் இல்லை. போன மாசம், காலையில் டியூட்டிக்குக் கிளம்பக் கட்டிலில் உட்கார்ந்தவர், ஒரு ஷூவைப் போட்டுவிட்டு அப்படியே சாய்ந்துவிட்டார். நெஞ்சுதான். அவருடைய நெஞ்சைப் பற்றி யாரும் யாரிடமும் கேட்டதில்லை. "அப்புறம்" என்று சொன்ன லீவு அவர் எடுக்கவே இல்லை. அண்ணியும் பிள்ளைகளும் இருக்கிற ஊருக்கு உடம்பை முதலில் அனுப்பிவிட்டார்கள். பிளேனில் ஏற்றும்போது எடை பார்ப்பார்களாம். எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

அவருடைய சாமான்களை என் லீவில் நான் கொண்டுபோகிறேன். நேற்று ரூமில் பெட்டி கட்டினோம். அந்த ஆளுடைய சாமான் இவ்வளவு கம்மியாக இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. முப்பது கிலோ வரவே இல்லை. ரூம்காரர்கள் ஆளுக்கொன்று கொண்டுவந்து போட்டார்கள். பால்பவுடர், தைலம், போர்வை. பஜாரில் கேள்விப்பட்டு கீழக்கரை பாய் ரெண்டு பாவாடைத் துணி கொடுத்து அனுப்பினார். திருப்பூர்க்காரர் ஒரு பாக்கெட்டைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற பனியன்.

"அண்ணன் புள்ளைகளுக்குங்க. வெயில் ஊர்தானுங்களே. அங்க இதுதான் சரி. அண்ணன் வைய மாட்டாருங்க" என்றார். சொல்லிவிட்டு மேல் கட்டிலில் ஏறிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மஞ்சள் சட்டை மட்டும் இல்லை. அதைச் சின்ன முதீர் திருப்பித் தரவே இல்லை. ஒவ்வொரு வருசமும் வேட்டைக்கு அதைத்தான் போட்டுக்கொண்டு போகிறார் என்று டிரைவர் சொல்கிறார்.

பெட்டியை ஒரு கையால் தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கொக்கித் தராசில் மாட்டினோம்.

திறந்ததும் அண்ணிக்கு முதலில் எது வேண்டும் என்று யோசித்தேன். அவர் கடைசியாகக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்த சிவப்பு ஜெர்சியை எடுத்தேன். துவைக்க வேண்டாம் என்று திருப்பூர்க்காரர் படுத்தபடியே சொன்னார். துவைக்காமலே மடித்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.

நாலு பக்கமும் பேர் எழுதினேன். ஃபிலிம் சுற்றவில்லை, டேப்பும் கம்மிதான். கயிற்றையும் கையால் இழுத்தால் அவிழ்கிற மாதிரி கட்டியிருக்கிறேன். அண்ணி கத்தி தேடக் கூடாது.